ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது: அழவிட்டால் பழகிவிடுமா?

பெரம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி
2024 ஜூன் 11

பையனுக்கு 4 முடிந்து 5 நடக்கிறது. என் மேல் கால் போட்டால்தான் தூக்கம் வரும். நேற்று பள்ளிக்கூடம் திறந்தார்கள், காலையில் எழுப்பவே முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் அழவிடு, நாலாம் நாள் தானாகப் படுத்துக்கொள்வான் என்கிறார் மச்சான். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

காசிமேட்டுத் தாய் ஒருவரின் பதில்
ஜூன் 11, இரவு 11.20

செய்து பார்த்திருக்கிறேன். போன மாதம், ஒரே ஒரு ராத்திரி. வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீடு காசிமேட்டில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, குறுக்கே ஒரு கட்டில் போட்டால் அகலம் நிறைந்துவிடும் சின்ன அறை. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே மாடிப்படி. மகளுக்கு மே மாதம் 5 முடிந்தது. எனக்கு இப்போது மூன்று மாதம், டிசம்பரில் இரண்டாவது பிள்ளை. அதற்குள் பெரியவளைச் சின்ன அறைக்குப் பழக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். மெத்தை விரித்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். 40 நிமிஷம் அழுதாள். அப்புறம் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று கதவைத் திறந்தால், தின்ற தயிர்ச்சோறு முழுக்க வாந்தி எடுத்துவிட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழ் வீட்டிலிருந்து என் அம்மா ஏறி வந்து, "இன்னாடி இது, கொய்ந்தைய உள்ள வச்சுட்டு வாசல்ல நிக்கிற?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 12

நேற்று ஆத்திரத்தில் எழுதிவிட்டேன், ஒரு திருத்தம். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவது மச்சான் சொல்கிற முறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் விளக்கியது அதுவல்ல. பிள்ளை விழித்திருக்கும்போதே படுக்க வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அழுதால் சில நிமிஷம் விட்டு உள்ளே போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். நான் முகம் காட்டவே இல்லை. அதனால் அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அதற்குச் சொல்லும் காரணம் சரியானது. ராத்திரியில் எல்லாருக்கும் பல தடவை லேசாக விழிப்பு வரும். புரண்டு படுத்துத் தூங்கிவிடுவோம், காலையில் நினைவும் இருக்காது. தூங்கப் போகும்போது எது பக்கத்தில் இருந்ததோ அது விழிக்கும்போது இல்லையென்றால் பிள்ளை தேடும். என் மகள் என் காது மடலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே தூங்குவாள். ராத்திரி 1 மணிக்கு விழித்தாலும் கை இருட்டில் காதைத் தேடி வரும். நான் இடது காதில் தோடு போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

அதனால் தனி அறையெல்லாம் அப்புறம். முதலில் காது இல்லாமல் தூங்க வேண்டும்.

ஜூன் 12, இரவு

"கூட்டத்தோடு படுத்துத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம், இப்போது மட்டும் என்ன அவசரம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் எட்டு பேர் வரிசையில் ஆறாவதாகப் படுத்து வளர்ந்தவள். எனக்கு அவசரம் வரப்போகிற பிள்ளையால்தான். கைக்குழந்தை முதல் ஆறு மாதமாவது அம்மா இருக்கும் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. தூக்கத்தில் கை காலை வீசுகிற அக்கா பக்கத்தில் பச்சைப் பிள்ளையைப் போட முடியாது. எங்கள் கட்டிலோ நாலுக்கு ஆறு.

ஜூன் 13

3 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொன்ன கணக்கு. என் மகள் தூங்க 10.30, எழுப்ப 6.45. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தால் ராத்திரியில் எட்டேகால் மணி நேரம்தான், மாலைத் தூக்கத்தைச் சேர்த்தால்தான் பத்தைத் தொடுகிறது. வயிறு கலங்கிவிட்டது. இன்றிலிருந்து ஒரு நோட்டில் நேரம் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 16

மீன்பிடித் தடைக்காலம் 14-ம் தேதியோடு முடிந்தது. 61 நாளாகக் கட்டிக் கிடந்த விசைப்படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. எங்கள் தெருவில் ராத்திரி நடமாட்டம் திரும்ப வந்துவிட்டது. ஐஸ் ஏற்றிய வண்டி, மீன் கூடைக்காரர்கள், ஏலத்துக்குப் போகிறவர்கள்.

பகலில் அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சின்ன அறையில் பக்கத்தில் படுத்து, "இங்க என்னடா பயம்?" என்று கேட்டேன். மேலே கையைக் காட்டி, "ராத்திரி வெளிச்சம் நடக்கும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. நேற்று ராத்திரி நானே அங்கே படுத்துப் பார்த்தேன். தெருவில் வண்டி திரும்பும்போது அதன் விளக்கு வென்டிலேட்டர் வழியாக ஒரு முழ நீளப் பட்டையாக உள்ளே விழுகிறது. கதவுப் பக்கம் தொடங்கி, கூரையில் மெதுவாக ஊர்ந்து வந்து, பரண் மேல் இருக்கும் அரிசிச் சாக்கில் ஏறும்போது மடங்கி, சட்டென்று காணாமல் போகிறது. சாக்குக்குள் புகுந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. ஏற்கெனவே அம்மா அவளிடம், தூங்காத பிள்ளையை மூட்டைக்காரன் சாக்கில் போட்டுக்கொண்டு போவான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்துகொண்டன.

சாக்கை இறக்கிச் சமையலறையில் வைத்தேன். வென்டிலேட்டரை மூடவில்லை. இருவரும் படுத்து, எந்த வெளிச்சம் எந்த வண்டி என்று கண்டுபிடித்தோம். தனி விளக்கு பைக். இரட்டை விளக்கு வந்தால் "குட்டி யானைடா" என்றேன். மினி லாரியை இங்கே அப்படித்தானே சொல்வோம். எழுந்து உட்கார்ந்து, "நிஜமா? நம்ம தெருவுலயா?" என்று கேட்டாள்.

ஜூன் 18

பள்ளி விட்டு வந்து 3.30-லிருந்து 5.30 வரை தூங்குகிறாள். அதை நிறுத்திவிட்டேன். மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு 9 மணிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? இரண்டு நாள் சாயங்காலம் சிடுசிடுப்பு தாங்க முடியவில்லை. பார்ப்போம்.

ஜூன் 28

நல்ல செய்தி. கதவைச் சாத்துவதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகும் முறை ஒன்று இருக்கிறது. எங்கள் சின்ன அறையில் ஒரு அடி டைல்ஸ். கட்டிலிலிருந்து வாசற்படி வரை ஏழு. 17-ம் தேதி பிளாஸ்டிக் ஸ்டூலைக் கட்டிலை ஒட்டிப் போட்டேன். காது கிடையாது, கை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு ராத்திரிக்கு ஒரு டைல்ஸ் பின்னால். இரண்டாவது டைல்ஸ் வந்தபோது கையும் எட்டவில்லை. அன்றைக்கு அழுதாள், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அழுகையில் இருக்கும் அந்த வித்தியாசம் கேட்கிற தாய்க்குத் தெரியும்.

அவளும் கணக்கு வைத்திருக்கிறாள். "நேத்து நீ உடைஞ்ச டைல்ஸ்ல இருந்த, இன்னிக்கு ஏன் பூ போட்டதுக்குப் போயிட்ட?" இரண்டு ராத்திரி ஆகிவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறாள். இந்த வாரம் தூங்கிய நேரம் 8.45, 8.50, 8.40, 8.50. டைல்ஸ் முறை வேலை செய்கிறது, தைரியமாகச் செய்யுங்கள்.

ஜூலை 3

அவசரப்பட்டுவிட்டேன். இந்த வாரம் திரும்ப 10.20, 10.25. நான் வாசற்படியில் இருக்கிறேன், அழவில்லை, ஆனால் கண்ணை மூடமாட்டேன் என்கிறாள்.

காதுக்குப் பதிலாக ஏதாவது கையில் கொடுக்கலாம் என்று, அவளுக்குத் தூளி கட்டிய என் பழைய சுங்கடிப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். "இது உன் வாசனை இல்ல, பீரோ வாசனை." உண்மைதான், அந்துருண்டை நாற்றம் தூக்கியடிக்கிறது. கடைசியில் நான் அன்றைக்கு உடுத்தி அவிழ்த்த நைட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மசாலா அரைத்த கையைத் துடைத்த நைட்டி. அதன் கழுத்துப் பட்டியைத் தான் இப்போது தேய்க்கிறாள்.

ஜூலை 10

ஒற்றை அறையில் குடியிருக்கிறோம், எங்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்ட வியாசர்பாடி சகோதரிக்கு: ஆகும். கொசுவலை கட்டுங்கள். நான் கொசுவுக்காகத்தான் கட்டினேன். நாலு மூலைக்கும் நாலு ஆணி, ஒன்றில் நாடா, ஒன்றில் சணல், இரண்டில் புடவை ஓரக் கிழிசல். வலையை இறக்கியதும் அவள் அதை "என் ரூம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெளியிலிருந்து கூப்பிட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே தலையை நீட்ட வேண்டுமாம். பிள்ளைக்கு "தனி" என்பது இரண்டு கஜம் வலைக்குள்ளேயும் கிடைத்துவிடும். எங்களுக்கு இருந்த சின்ன அறையைவிட அந்த வலைதான் அதிகம் உதவியது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்று. 1999-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த முறை. படுக்கும்போது பிள்ளையிடம் ஒரு சீட்டு கொடுப்பது. அதைக் கொடுத்து ஒரே ஒரு தடவை எழுந்து வரலாம், தண்ணீர், முத்தம், எதற்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இரண்டு சீட்டு கொடுத்தேன். இந்த வாரம் தினமும் 9 மணிக்குள் இரண்டையும் செலவழித்துவிட்டு, 9.40-க்குத் தூங்கிவிடுகிறாள். தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவள் ஹாலில் போய் நிற்கிறாள், தண்ணீரைக் குடிக்கக் காணோம்.

ஜூலை 21

ஆடி முதல் ஞாயிறு. தெருமுனை அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். சாயங்காலத்திலிருந்து ஒலிபெருக்கி, பம்பை, உடுக்கை. எங்கள் ஜன்னல் கம்பியே அதிர்ந்தது. 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டதால் 9.50-க்கு நிறுத்திவிட்டார்கள், அந்தப் பையன்களைப் பாராட்டத்தான் வேண்டும். இன்றைக்குத் தூங்கினாற்போலத்தான் என்று நினைத்தேன். 8.50-க்குத் தூங்கிவிட்டாள்! பம்பைச் சத்தத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 24

தெருவே அமைதி. மணி 10.25 வரை விழிப்பு.

ஜூலை 26

மேலே நான் எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டும்.

நேற்று ராத்திரி வாசற்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 9.30-லிருந்து அவள் அசையவே இல்லை, கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது தெருமுனையில் ஒரு பைக் திரும்பிய சத்தம். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த காலில் கட்டைவிரல் மட்டும் விறைத்து மேலே எழும்பியது. பைக் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. விரல் இறங்கிவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 10.20-க்கு இன்னொரு பைக். விரல் எழும்பியது. கேட் கொண்டி இழுபடும் சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், ஹாலில் ஹெல்மெட் வைக்கும் சத்தம். விரல் தளர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு கன்டெய்னர் யார்டில் வேலை, வாரம் ஒரு ஷிஃப்ட். காலை 6 முதல் 2 வரை இருந்த வாரங்களில் அவள் தூங்கியது 8.45, 8.50. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவர் 9.15-க்குக் கிளம்பிப் போன பிறகு 9.40. மதியம் 2 முதல் 10 வரை போகும் வாரத்தில் 10.25. டைல்ஸும் இல்லை, சீட்டும் இல்லை. சீட்டைச் செலவழித்து ஹாலில் நின்றது சட்டை மாட்டும் அப்பாவைப் பார்க்க. மதிய ஷிஃப்ட் வாரத்தில் அவள் 8 மணிக்குப் பள்ளி வேனில் ஏறும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாங்கள் சட்டம் போட்டிருக்கிறோம். திங்கள் முதல் சனி வரை பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்க வேறு நேரமே கிடையாது.

இவரிடம் காட்டினேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "நான் மெதுவாத்தானே கேட்டைத் திறப்பேன்" என்றார், அவ்வளவுதான்.

இருட்டு, பரண், காது என்று எல்லாக் காரணத்தையும் தேடினேன். அவளிடம் "என்ன பயம்?" என்று கேட்டேனே தவிர, யாருக்காக விழித்திருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. மே மாதம் நான் கதவைச் சாத்தியதும் ஒரு மதிய ஷிஃப்ட் வாரத்தில்தான். அதை நினைத்தால் ஆறவில்லை.

ஆகஸ்ட் 14

என்ன செய்தீர்கள் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மதிய ஷிஃப்ட் வாரத்தில் அவர் 6.30-க்கு எழுந்து அவளை ஆவின் பூத்துக்கு அழைத்துப் போகிறார். இரண்டு அரை லிட்டர் பாக்கெட், ஒன்று அவள் கையில். போக வர அரை மணி நேரம், இரண்டு பேரும் என்ன பேசுவார்களோ தெரியாது, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தூக்கம் குறைகிறதே என்று அவருக்காக எனக்குக் கவலைதான், பகலில் ஈடு கட்டிக்கொள்கிறார்.

ராத்திரி வந்ததும் கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி அவள் கொசுவலை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இது அவரே சொன்ன யோசனை. அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் சாட்சி. காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் அவரை எழுப்புகிறாள். முதல் மூன்று ராத்திரி நம்பாமல் விழித்திருந்தாள். இந்த வாரம் மதிய ஷிஃப்ட்தான், நேற்று 9.05.

டைல்ஸ் முறையை நான் முழுக்கத் தள்ளவில்லை. காது பழக்கம் போனது அதனால்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 17

பெரம்பூர்க்காரர் எழுதியிருக்கிறார்: அவர் பையன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, காலுக்கடியில் ஏதாவது இருந்தால் போதும் என்கிறான். பழைய பஞ்சை அடைத்து நீளத் தலையணை தைத்துக் கொடுத்தாராம், ஒரே வாரம். சந்தோஷம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காரணம்.

செப்டம்பர் 12

காய்ச்சல். நேற்று 10.40-க்கு எழுந்து உட்கார்ந்து வீறிட்டு அலறினாள். கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை, தொட்டால் உதறுகிறாள். ஐந்து நிமிஷம். அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை.

கெட்ட கனவு என்றுதான் முதலில் நினைத்தேன், அது வேறு. கனவு கண்டு பயந்த பிள்ளை பெரும்பாலும் பின்னிரவில் எழும், நம்மைக் கட்டிக்கொள்ளும், கனவைச் சொல்லும். இந்த அலறல் தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. காய்ச்சலும் தூக்கக் குறைவும் இதைக் கிளப்பிவிடும். உலுக்கி எழுப்பக் கூடாது, விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் தடுக்கவில்லை. காய்ச்சல் விடும்வரை என் பக்கத்தில்தான் படுக்க வைத்தேன், காதையும் கொடுத்தேன்.

அக்டோபர் 17

இரண்டு நாள் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கரன்ட் இல்லை. கீழ் வீட்டிலிருந்து அம்மாவும் மேலே வந்துவிட்டாள். ஹாலில் பாய் விரித்து எல்லாரும் ஒரே வரிசை. ஜப்பானில் அப்பா அம்மாவுக்கு நடுவே பிள்ளை படுப்பதை ஆறு என்ற எழுத்தைக் காட்டிச் சொல்வார்களாம். அந்த எழுத்து மூன்று கோடு, நடுக்கோடு குட்டை. எங்களுடையதில் ஐந்தாவது கோடும் ஒன்று உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிறது. பழக்கம் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வடிந்ததும் அவளே வலையை இறக்கச் சொன்னாள்.

டிசம்பர் 1

நேற்று ஃபெஞ்சல் புயல். மதிய ஷிஃப்டுக்குப் போன இவர் ராத்திரி திரும்ப முடியவில்லை, யார்டிலேயே தங்கிவிட்டார். அவள் 9.10-க்குத் தூங்கிவிட்டாள். காலையில் வெறும் ஆணியைப் பார்த்தாள். "அப்பா வரலையா?" "மழைடா, மத்தியானம் வந்துடுவார்." சரி என்று பல் விளக்கப் போய்விட்டாள். நான்தான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

டிசம்பர் 20

தம்பி பிறந்து எட்டு நாள். எங்கள் அறையில் தொட்டில். அவன் அழுதால் பெரியவள் எழுவதில்லை. குட்டி யானை சத்தத்துக்குப் பழகியவள்.

2025 ஜனவரி 1

ராயபுரம், காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும், புது வருஷம் பிறந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பலெல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கும். சரியாக 12-க்கு அடித்தது. தம்பி தூக்கிவாரிப் போட்டு அழ ஆரம்பித்தான். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன அறையிலிருந்து அவள் எழுந்து வந்தாள், முடியெல்லாம் கலைந்து, கையில் என் நைட்டி. வாசற்படியிலேயே நின்று, "கப்பல்டா, பயப்படாத" என்றாள் அவனிடம். அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். இவருக்குக் காலை ஷிஃப்ட், அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் தம்பியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம். நீ வெளிய வந்தா கதவைத் திறந்து வை" என்று சொல்லிவிட்டுப் போய் வலைக்குள் நுழைந்துகொண்டாள்.